துவாலை மேல் ஒரு கை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் படித்துவிட்டு, பெரியவளுக்கு ஒருவழியாக நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருந்தால் உங்கள் மேல் தப்பில்லை. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் நீர்வண்ணம், தூரிகை, காகிதம். கைகளை மட்டும்தான் வரைவாள். கண்ணாடியைக் கழற்றுகிற கை, பையில் சாவி தேடுகிற கை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கை. வரைந்ததைப் போனில் போடுவாள். வருஷக்கணக்காகப் போட்டாள். தம்பி ஒரு லைக், கடையில் கூட வேலை பார்க்கிறவள் ஒரு லைக், அப்புறம் எங்கிருந்தோ ஷூ விற்கிறவன் ஒரு லைக். அதோடு சரி.

"யாராவது ஒருத்தர் நின்னு பாக்கணும்டா. வாங்கக்கூட வேணாம்" என்று தம்பியிடம் சொல்லுவாள். இந்தக் கதை தொடங்கின நாளிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அப்பா டைல்ஸ் போடுகிறவராக இருந்தார். பக்கவாதம் வந்து விழுந்தபின் வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிச்சம் இருப்பது ஒரே ஒரு 'ம்'. ஆமாம் என்றால் 'ம்' என்பார். வேண்டாம் என்றால் அதுவும் கிடையாது, கண்ணை மூடிக்கொள்வார். அந்த வலது கை துவாலை மேல் கிடக்கிற மாதிரி பெரியவள் ஒரு படம் வரைந்தாள். வரைவதை மேலேயிருந்து வீடியோவாக எடுத்துப் போட்டாள். "பாட்டு சேக்காதீங்க, தூரிகை சத்தத்தையே விடுங்க, அதான் இப்போ எடுபடுது" என்று யாரோ அனுபவஸ்தர் எழுதியிருந்தார். அப்படியே விட்டாள். விடிவதற்குள் ஊரே பார்த்திருந்தது. கலைச்சந்தையில் அவளுக்கென்று ஒரு டேபிளும் கிடைத்தது.

அந்த டேபிளுக்கு அவள் கிளம்பிய சனிக்கிழமைதான் இது.

"இந்தத் துணி போதுமாடி? டேபிள் காலெல்லாம் தெரியுமே" என்றாள் அம்மா. இஸ்திரி போட்ட விரிப்பைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சா தெரியட்டும்மா. டேபிள் காலைப் பாக்கவா வர்றாங்க?"

"அப்படிச் சொல்லாதே. மேல பாக்குறவங்க கீழயும் பாப்பாங்க. அசிங்கமா இருக்கும்."

அம்மாவுக்கு அன்றைக்கு வழக்கத்தைவிட விடிகாலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி கொடுத்து, அதற்கப்புறம்தான் இஸ்திரி. அவர் விழுந்த நாள் முதல் இப்படித்தான். தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "நீங்க தெய்வம்மா" என்பார்கள். அம்மா சிரித்து வைப்பாள். "அவர் எப்படி இருக்காரு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். "நீ எப்படி இருக்கே?" என்று நாமாவது கேட்டோமா? இத்தனை வாரம் எழுதிய நானும் கேட்கவில்லை, படித்த நீங்களும் கேட்கவில்லை.

தம்பிக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். குழந்தையில் வைத்தது. இப்போது நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வர முடியாது. வீடு வீடாகப் போய்ச் சுவரில் டிவி மாட்டிக் கொடுக்கிற வேலை. அக்காவின் மேஜைக்கு மேலே போனைத் தொங்கவிட ஒரு கை செய்து கொடுத்தவனும் அவன்தான். யாரோ வேண்டாமென்று விட்ட டிவி ஸ்டாண்டை வளைத்து, அப்பாவின் அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அடித்திருந்தான். வெளிச்சம் நன்றாக வருகிற இடம் அது ஒன்றுதான்.

"அக்கா, இன்னிக்கு உன் வீடியோவை நம்ம பெரிய டிவியில போட்டு ரெண்டு பேருக்கும் காட்டப்போறேன்" என்றான். "ஊரெல்லாம் பாத்தாச்சு, பெத்தவங்க மட்டும் பாக்கல."

"பாட்டுகூட இல்லடா. போரடிக்கும்."

"என் பொண்ணு வரையறதைப் பாக்க எனக்கென்ன போரு?" என்றாள் அம்மா. "இவன் போடட்டும். எனக்கு இந்தப் போன்ல எல்லாம் கண்ணு தெரியாது."

பெரியவள் உள்ளே போய் அப்பாவிடம் படத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வரட்டுமாப்பா?"

"ம்."

அந்தச் சந்தை ஒரு பழைய நூலகத்தின் கீழ்த்தள ஹாலில் நடந்தது. வரிசையாக டேபிள்கள். மெழுகுவத்தி செய்கிறவர்கள், களிமண் கோப்பைக்காரர்கள், காய்ந்த பூவைக் கண்ணாடிக்குள் வைத்து ஒட்டுகிறவர்கள். பெரியவளின் பக்கத்து டேபிளில் மீசையும் தொப்பையுமாக ஒருவர் கம்பளி நூலில் முயல் பின்னிக்கொண்டிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"முதல் தடவையா?"

"ஆமாங்க."

"அப்ப ஒண்ணு கேட்டுக்க. தொட்டுப் பாக்குறவங்க வாங்க மாட்டாங்க. கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுறவங்க வாங்குவாங்க. போன்ல படம் பிடிக்கிறவங்க வீட்டுக்குப் போய் அவங்களே பின்னிப் பாப்பாங்க. மூணாவது ரகத்துக்கு மட்டும் சிரிச்சுக் காட்டாதே."

பெரியவள் சிரித்தாள். விரிப்பைப் போட்டாள். டேபிள் கால் நிஜமாகவே தெரிந்தது, துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு விரிப்பை முன்பக்கம் இழுத்து விட்டாள். நடுவில் அப்பாவின் கை. அதற்குப் பின்னால் கொஞ்சம் சின்னப் படங்கள், அச்சடித்த பிரதிகள்.

அந்தப் படத்தைப் பற்றி நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், அவள் அடித்துக்கொள்ள மாட்டாள். வெள்ளைத் துவாலைக்கு அவள் வெள்ளை வண்ணம் போடவில்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, மடிப்புகளின் நிழலை மட்டும் தொட்டிருந்தாள். சிமெண்ட் தின்ற நகங்கள். கட்டைவிரல் பக்கம் டைல்ஸ் கட்டர் கிழித்த பழைய தழும்பு. எடுத்துப் பிடிக்க ஆளில்லாமல் கிடக்கிற ஒரு கை. நல்ல படம் அது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு சொல்ல நேரம் வராது.

கதவு திறந்தது. வந்தவர்கள் நேராக அவளிடம்தான் வந்தார்கள்.

முதலில் ஒரு பெண். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. படத்தைப் பார்க்கவில்லை. பெரியவளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மாவும் இதையேதான் நெனைச்சாங்க. வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான் வித்தியாசம்."

"எதைங்க?"

பெண் தலையை ஆட்டினாள். பெரியவள் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துவிட்டாள் போல. ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி போனாள்.

அடுத்து புருஷனும் பெண்டாட்டியும். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அந்த 'ம்' இருக்கே…" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. பெண்டாட்டி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பெரியவளுக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. வீடியோவுக்குக் கீழே கூட அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள், நடுநடுவே வெறும் 'ம்'. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். படம் மனசைத் தொட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். பாவம், வேறென்ன நினைப்பாள்?

"இத்தனை வருஷமா வர்றேன்" என்றார் முயல்காரர். "என் முயலைப் பாத்து ஒருத்தர்கூட அழுததில்ல. அப்படி என்னதான் வரைஞ்சு வெச்சிருக்கே?" எட்டிப் பார்த்தார். "கைதானே?"

"கொஞ்சம் டேபிளைப் பாத்துக்கறீங்களா? இதோ வந்துடறேன்."

ஹாலுக்குப் பின்னால் மாடிப்படி. அடிப்படியில் உட்கார்ந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் போட்டாள்.

இங்கே அவளுடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரையும்போது காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டில் குண்டு விழுந்தாலும் கேட்காது. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டுவது கடைக்குப் போகிற பஸ்ஸில், சத்தத்தை அடைத்துவிட்டு. எப்படியும் மேலே பாட்டுதானே போடப்போகிறோம் என்று பழகிவிட்டாள். இந்தத் தடவை பாட்டு இல்லை. தூரிகை சத்தம் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஆரம்பத்தை மட்டும் கேட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. போட்டுவிட்டாள்.

இப்போது முழுக்கக் கேட்டாள். தூரிகை காகிதத்தை உரசியது. டம்ளர் தண்ணீரில் அலசுகிற சத்தம். மறுபடி உரசல். எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

அப்புறம் அம்மா. உள் அறையிலிருந்து, கோபமே இல்லாத குரலில்.

"அன்னைக்கே போயிருக்கலாம் நீங்க. உங்களுக்கும் இந்தச் சீரழிவு இல்ல. எனக்கும் ஒரு நாள் அழுகையோட முடிஞ்சிருக்கும்."

செருப்பில்லாத கால் நடக்கிற சத்தம். அறையின் கோடியில் குழாய் திறந்தது. துவாலையை நனைக்கிறாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில், கதவோரக் கட்டிலில் இருந்து, போனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக ஒன்று.

"ம்."

குழாய் மூடியது. தூரிகை உரசியது.

பெரியவள் திரும்ப வைத்துக் கேட்டாள். அந்த நேரம் திரையில் அவளுடைய தூரிகை அப்பாவின் கட்டைவிரல் நகத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஒரு பக்கம் பெற்றவர்கள் இப்படிப் பேசிக்கொள்ள, மகள் நிதானமாக வரைந்துகொண்டே இருக்கிறாள். ஊர் அழுதது இதற்குத்தான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊர் நினைத்துக்கொண்டது, அவளோ காதில் ஏதோ குத்துப்பாட்டு ஓடவிட்டிருந்தாள்.

அம்மா சொன்னதுகூட அவளை அவ்வளவு உலுக்கவில்லை. மனுஷி, எத்தனை நாள் தாங்குவாள். ஆனால் அப்பா விழித்திருந்தால் அம்மா இப்படிப் பேசுகிறவளே இல்லை, தூங்குகிறார் என்று நம்பித்தான் சொல்லியிருக்கிறாள். அவர் விழித்திருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஆமாம் என்றார் என்று தெரியவே தெரியாது. குழாய் சத்தத்தில் அவள் காதில் அது விழவில்லை. விழவும் கூடாது. அந்த ஒரு எழுத்து அம்மா காதில் விழுந்தால், அதற்கப்புறம் அவள் எந்தக் கையால் அவருக்குக் கஞ்சி ஊட்டுவாள்?

அழிக்கிற இடத்தைத் தொட்டாள். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்று அழுத்தக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

"இங்கயா இருக்கீங்க? உங்களைத்தான் தேடிட்டு வர்றேன்."

சந்தையை நடத்துகிற பெண்மணி. மேல்மாடிக் காட்சிக்கூடமும் அவருடையதுதான். பக்கத்துப் படியில் உரிமையாக உட்கார்ந்தார்.

"மாடியில முன்சுவர் காலியாகுது. உங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். ஒரு மாசம், உங்க படம் மட்டும். நடுவுல அந்தக் கை, பக்கத்துல அந்த வீடியோ ஓடிட்டே இருக்கணும். வர்றவங்க நின்னு கேட்டுட்டுப் போவாங்க."

நின்னு. அந்த வார்த்தையைத்தான் அவள் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீடியோ இல்லாம வெச்சா?" என்றாள்.

"வீடியோ இல்லாமலா?" அவர் கெட்டவர் இல்லை, யோசித்துத்தான் சொன்னார். "படம் மட்டும்னா… நல்லா வரையறவங்க நிறைய பேர் இருக்காங்களேம்மா. அந்தக் குரல் உங்ககிட்டதானே இருக்கு. அதை மட்டும் எடுத்துடாதீங்க, ஓடிட்டிருக்கிறது ஓடட்டும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை அனுப்புங்க."

அவர் போனபிறகு பெரியவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அந்த வீடியோவை டிவியில போட்டியா?"

"இப்பதான் ஒயரைச் சொருகுறேன். அம்மா டீ போட்டு எடுத்துட்டு வரா. ஏன்?"

"போடாதே. ஒயரைப் புடுங்கு. வெளிய வா."

சொன்னாள். மறுமுனையில் வாண்டு வெளிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனும் லைக் போட்டவன்தான். ஏதோ ஒரு வீட்டில் டிவி மாட்டிக்கொண்டே, சத்தமில்லாமல் பார்த்துவிட்டு ஒரு இதயத்தைத் தட்டியவன்.

"அப்பா முழிச்சிருந்தாரா?" என்றான்.

"ஆமாடா."

"அழிச்சிடு அக்கா."

"அழிச்சிடறேன்."

"இப்பவே அழி. நான் லைன்லயே இருக்கேன்."

பெரியவள் ஹால் பக்கம் பார்த்தாள். அவள் டேபிள் முன்னால் கூட்டம் நின்றது. நிஜமாகவே நின்றது, முயல்காரர் அதைச் சமாளிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் அழிக்கறேன்."

"சாயங்காலம்னா?"

"டேபிளை எடுத்து வெச்சதும். அம்மாகிட்ட இந்த மாதிரி போனே கிடையாது. தெருவுல யாருக்கும் நான் வரையறதே தெரியாது. யாரு போய்ச் சொல்லப்போறாங்க? கொஞ்ச நேரம்டா."

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"வீட்டுக்கு வந்து பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கும் அவள் மேல் கோபம்தான். ஆனால் கடைத்தெருவில் வருஷக்கணக்கில் கூவிக்கூவி ஒரு ஆளும் திரும்பிப் பார்க்காதவளுக்கு, முதல் முதலாகக் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தைப் பார்த்து "போங்கள்" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வருமா என்று தெரியாது.

மத்தியானம் அவள் டேபிளுக்குப் பின்னால் நின்று எல்லோருடைய கண்ணீரையும் வாங்கிக்கொண்டாள். "அந்த 'ம்' உங்க அப்பாவா?" என்று ஒரு பெண் கேட்டபோது "ஆமா" என்றாள். "உங்க அம்மா ரொம்பப் பாவம்ங்க" என்றபோது "ஆமா" என்றாள். பிரதிகளில் கையெழுத்துப் போட்டாள். போகப்போகச் சுலபமாகிவிட்டது.

கடைசியில் கைத்தடியோடு ஒரு வயசானவர் வந்தார். படத்தைக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு முழுக்க அந்தப் படத்தைப் படமாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"துவாலைக்கு வண்ணமே போடலையே நீ" என்றார்.

பெரியவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஆமாங்க. காகிதம்தான்."

"நல்லா இருக்கு. எல்லாரும் என்னமோ வீடியோ வீடியோங்கறாங்களே, அது என்ன? எனக்கும் காட்டேன்."

காட்டாமல் இருந்திருக்கலாம். படத்தைப் பாருங்கள், அது போதும் என்று சொல்லியிருக்கலாம். அவள் போனை எடுத்தாள். அவருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

கேட்டு முடித்து அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அழவில்லை.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா, நீ இதை எல்லாருக்கும் போட்டுக் காட்டுறேன்னு?"

பெரியவள் போனைப் பைக்குள் வைத்தாள். அவர் எதுவும் வாங்காமல் மெதுவாக நடந்து போனார். முயல்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், தலையைக் குனிந்து ஊசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

இருட்டுவதற்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தாள். வாண்டு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெரிய டிவி, சுவரிலிருந்து கழற்றி, கம்பளியில் சுற்றி வைத்திருந்தான்.

"இது என்னடா?"

"ரிப்பேர்னு சொல்லிக் கழட்டிட்டேன். டிவிக்காரன் வீட்டு டிவியே ரிப்பேரான்னு அம்மா சிரிச்சா." அவன் சிரிக்கவில்லை. "அழிச்சிட்டியா?"

"இப்ப அழிக்கறேன்."

"இப்ப எதுக்கு? அப்பாவுக்கு மாத்திரை தீந்துபோச்சு. நான் போறேன்னு சொன்னேன், நீ அவரைப் பாத்துக்கன்னு அம்மாவே போனா. மருந்துக் கடையில இருக்குதே அந்தப் பொண்ணு, தினமும் அம்மா குரலைக் கேக்குறவ. 'இது நீங்கதானேம்மா, நான் அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன்'னு சந்தோஷமா போனை எடுத்து நீட்டியிருக்கா." வாண்டு கம்பளியை இழுத்து மூடினான். "டிவியைக் கழட்டலாம். ஊரை எங்க போய்க் கழட்டறது?"

"எப்படா போனா?"

"மத்தியானம். நீ சாயங்காலம்னு சொன்னேல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி."

உள்ளே அம்மா துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கென்று தனியாக வைத்திருக்கிற வெள்ளைத் துவாலைகள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக. பெரியவளைப் பார்த்து, "எல்லாம் வித்துச்சா?" என்றாள்.

"அம்மா…"

"டேபிள் கால் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. இழுத்து விட்டேன்."

"ம்" என்று சொல்ல வாயெடுத்த அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் இனிமேல் அந்த எழுத்தை யாரும் சாதாரணமாகச் சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. சத்தத்தைக் கேக்காமலே போட்டுட்டேன்."

"உன் காதுல அது மாட்டியிருந்துச்சு. அவர் கண்ணு மூடியிருந்துச்சு. அதனாலதான்டி நான் வாயைத் திறந்தேன்." அம்மா அடுத்த துவாலையை எடுத்தாள். "இந்த வீட்டுல எனக்குன்னு இருந்த நேரம் அது ஒண்ணுதான். அதையும் எடுத்து ஊருக்கு வெச்சிட்டே."

பெரியவளுக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை.

"அவர் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் என்று சொல்லியிருந்தால்கூட அம்மா நம்பியிருப்பாள்.

"காலைல. அங்க போனதும்."

துவாலை மடிக்கிற கை நின்றது.

"காலைலயே தெரியுமா?" என்றாள் அம்மா. மருந்துக் கடையில் கேட்டதைவிட இதுதான் அவளை அடித்தது என்று வாசலில் நின்ற வாண்டுவுக்கே தெரிந்தது. "தெரிஞ்சுமா விட்டு வெச்சிருந்தே?"

"அழிச்சிடறேன்மா. இதோ, இப்பவே அழிக்கறேன்."

போனை எடுத்தாள். திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. காட்சிக்கூடத்துக்காரர். 'முன்சுவர் உங்களுக்குத்தான். சரின்னு மட்டும் அனுப்புங்க, காத்திருக்கேன்.' கண்ணாடி இல்லாமலே அம்மா அதைப் படித்துவிட்டாளோ என்னவோ, எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

"அழிக்காதே. என்கிட்ட குடு."

"எதுக்கும்மா?"

"குடுடி."

கொடுத்தாள். எங்கே தொட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மா அப்பாவின் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். பகலில் அந்தக் கதவைச் சாத்தி இவர்கள் பார்த்ததே இல்லை.

அக்காவும் தம்பியும் வெளியே நின்றார்கள். அப்பா எங்கெங்கோ வேலை செய்த இடத்தில் மிஞ்சினதைக் கொண்டுவந்து ஒட்டிய தரை அது, ஒரு டைல்ஸ் போல இன்னொன்று இருக்காது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே தூரிகை உரசியது. டம்ளர் தண்ணீர் கலங்கியது. நாற்காலி நகர்ந்தது. அன்னைக்கே போயிருக்கலாம் நீங்க என்று போனுக்குள்ளிருந்து அம்மா சொன்னாள். குழாய் திறந்தது, தண்ணீர் கொட்டியது, அதற்கு நடுவில் அந்த 'ம்'. போன் நின்றுவிட்டது.

அப்புறம் நிஜமான அம்மாவின் குரல்.

"முழிச்சிருந்தீங்களா?"

"ம்."

பெரியவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஜைக்கு மேலே அவன் அடித்துக் கொடுத்த இரும்புக் கை, போன் இல்லாமல் காலியாக நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏதோ அலுப்புல சொன்னேங்க. நீங்க எதுக்கு ஆமான்னீங்க?" அம்மாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "மனசாரவா சொன்னீங்க? இப்பவும் உங்களுக்குப் போகணும்னுதான் இருக்கா?"

பதில் இல்லை. வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார், அது கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஆமாம் என்றால் மட்டும்தான் கேட்கும்.

இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். துவாலை அம்மாவின் தோளிலேயே கிடந்திருக்க வேண்டும், குழாய் திறக்கிற சத்தம் இந்தத் தடவை வரவில்லை. அவர் பதில் காதில் விழுவதற்காக அம்மா காத்திருந்தாள்.